ராஸ் தீவுக்குக் கட்டிய புளியோதரை

அக்காவுக்கு மூன்றாவது பிரசவம், துணைக்கு ஆள் வேண்டும் என்று போர்ட் பிளேயரிலிருந்து கடிதம் வந்ததும் அப்பா என்னைக் கப்பலேற்றிவிட்டார். முதல் இரண்டு பிரசவங்களுக்கு ஒரு ஈ காக்கையைக்கூட அனுப்பாதவர் மூன்றாவதற்கு மட்டும் ஏன் இத்தனை கரிசனம் காட்டினார் என்பது எனக்குத் தெரியும். கடிதத்தின் கடைசியில் அத்தான் இன்னொரு விஷயமும் எழுதியிருந்தார். அங்கே தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் வேலாயுதம் என்று ஒரு வாத்தியார். அருப்புக்கோட்டைக்காரர், முப்பது வயது, குடி இல்லை, பீடி இல்லை. பெண்ணைப் பார்க்க ஆசைப்படுகிறார்.

எனக்கு அப்போது இருபத்தேழு. அறுபதுகளின் விருதுநகரில் இருபத்தேழு வயதில் கல்யாணமாகாத டீச்சர் என்றால் ஊர்ப் பொதுச்சொத்து மாதிரி. யார் வேண்டுமானாலும் நிறுத்தி விசாரிக்கலாம். சாத்தூரில் ஒருவர் தயாராகவே இருந்தார். மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள். மூத்த பெண்ணுக்கும் எனக்கும் பத்து வயதுதான் வித்தியாசம். கல்யாணம் முடிந்த மறுநாளே நான் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. "அந்தமான் தட்டிப்போச்சுன்னா, நீ திரும்பி வந்ததும் சாத்தூர்தான். வைகாசியில முடிச்சிருவேன்" என்று அப்பா மதராஸ் துறைமுகத்தில் வைத்துச் சொன்னார். ஆக, போன கப்பலே என்னைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தால் நான் இறங்கும் இடம் மதராஸ் இல்லை, சாத்தூர்.

கப்பல் நான்கு நாள். முதல் நாள் எல்லோரும் அக்கம்பக்கத்தாருக்கு முறுக்கு கொடுத்தார்கள். இரண்டாம் நாள் எல்லோரும் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள், கடலுக்கு. எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மேல்தளத்தில் நின்றுகொண்டு, கரை என்று ஒன்று எந்தப் பக்கமும் இல்லாததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் "கல்யாணம் எப்போ" என்று கேட்காத நான்கு நாட்கள். அதற்கு முன் அப்படி ஒரு நான்கு நாள் எனக்குக் கிடைத்ததில்லை.

அத்தான் வீடு ஷாதிபூரில். மரச் சுவர், தகரக் கூரை, பின்னால் துணி துவைக்க ஒரு கல். கல் என்றால் வெறும் கல் இல்லை. பூவேலை போட்ட வழவழப்பான தரைக்கல். "ராஸ்ல இருந்து வந்தது. துரைமாரு நடனம் ஆடுன தரையாம்" என்றாள் அக்கா. அதன்மேல்தான் அத்தானின் வேட்டியை அடித்துத் துவைத்தோம். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு வாசற்படியோ சன்னலோ ராஸ் தீவிலிருந்துதான் வந்திருந்தது. வெள்ளைக்காரர்கள் அந்தச் சின்னத் தீவில் இருந்துகொண்டுதான் அத்தனை தீவுகளையும் ஆண்டார்களாம். அவர்கள் போனபின் காடும் ஷாதிபூர்க்காரர்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அக்காவுக்கு நான் போன ஆறாம் நாள் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரி, பெரிய சிறைச்சாலையின் மதிலை ஒட்டி இருந்தது. மற்ற ஊர்களில் சிறையைக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். இங்கே அதன் நிழலில் பிள்ளை பெற்றுக்கொண்டு, வெந்நீர் எங்கே என்று கேட்கிறார்கள்.

பையன் பிறந்ததில் ஒரு சிக்கல். வீட்டில் தீட்டு. தீட்டு வீட்டுக்குள் மாப்பிள்ளையை வரவழைத்துப் பெண் பார்க்கச் சொல்ல முடியாது. தீட்டு கழியும்வரை காத்திருக்கலாம் என்றால், மதராஸிலிருந்து மெயின்லேண்ட் கப்பல் வந்துவிடும். வந்தால் நான்காம் நாள் கிளம்பிவிடும். அதில் எனக்கு இடம் போட்டாகிவிட்டது. அத்தான் மராமத்து இலாகாவில் ஓவர்சியர். எந்தச் சுவர் எங்கே விரிந்தாலும் சிமெண்ட் பூசிவிடுவார். "வாத்தியார் பிள்ளைங்கள ராஸுக்குக் கூட்டிட்டுப் போறாரு. வருஷா வருஷம் போறது. கூடப் போற லேடி டீச்சர் மெயின்லேண்ட் போயிருச்சு. பொம்பளைப் பிள்ளைங்களப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமாம். நம்ம கோமதி வருவான்னு சொல்லிட்டேன். அங்க வச்சுப் பாத்துக்கட்டும். பக்கா ஏற்பாடு" என்றார்.

"எனக்குத் தீட்டு இல்லையா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குத்தான் தீட்டு. உனக்கு என்ன?" என்றாள் அக்கா. அவசரத்துக்குச் சாஸ்திரம் வளைந்து கொடுக்கும்.

முதல் நாள்.

அக்கா படுத்தபடியே அளவு சொல்ல, நான் புளியோதரை கிளறி மூன்றடுக்குக் கேரியரில் அடைத்தேன். அக்காவின் அரக்குப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டேன். காட்டுக்குள் இடிந்த கட்டடம் பார்க்கப் போக எதற்குப் பட்டு என்று கேட்டதற்கு, "கட்டடமா உன்னப் பாக்கப் போகுது?" என்றாள்.

அபர்டீன் ஜெட்டி என்கிற படகுத்துறையில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு சோற்று மூட்டை. எதிரே கூப்பிடு தூரத்தில் ராஸ் தீவு, பச்சையாக. வேலாயுதம் சார் ஒல்லியாக, உயரமாக, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு இருந்தார். எனக்கு ஒரு வணக்கம் வைத்தார். பிறகு பிள்ளைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். ஜெட்டியின் விளிம்புக்கு மட்டும் அவர் வரவே இல்லை.

எட்டரைக்குச் செய்தி வந்தது. தீவுக்குப் போக அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடவேண்டிய அதிகாரி கார் நிகோபார் போயிருக்கிறார், நாளைக்கு வருவார். எங்கள் விருதுநகரில் இப்படி ஒரு சுற்றுலா நின்றுபோயிருந்தால் பாதிப் பிள்ளைகள் அழும், மீதிப் பிள்ளைகளின் தகப்பன்மார் சண்டைக்கு வருவார்கள். இங்கே ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தார்கள். மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

"ஏம்மா, இப்பத்தான காலைல சாப்பிட்டிருப்பீங்க?" என்று பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்டேன். ஜமீலா என்று பெயர். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் மகள். ஐந்தாம் வகுப்பு. வாய் பத்தாம் வகுப்பு.

"போட்டுக்குக் கட்டுன சோறு திரும்ப வீட்டுக்குப் போகக்கூடாது டீச்சர். போனா அடுத்த போட்டும் வராது. சப்கோ மாலும்" என்றாள். எல்லோருக்கும் தெரியுமாம். எனக்குத்தான் தெரியவில்லை.

படகையும் கப்பலையும் நம்பி வாழ்கிற ஊர். படகு வராமல்போவது அங்கே வெயில் அடிப்பதைப் போல. அதற்கு ஒரு சடங்கும் வைத்துக்கொண்டிருந்தார்கள். சடங்கு சாப்பாடாக இருந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. நானும் கேரியரைத் திறந்தேன். சார் ஒரு இலையில் வாங்கிக்கொண்டு, கேரியரைப் பார்த்து "நல்லா இருக்கு" என்றார்.

இரண்டாம் நாள்.

மறுபடி புளியோதரை, மறுபடி பட்டு. அனுமதிச் சீட்டு வந்துவிட்டது. படகைத்தான் காணோம். டெல்லியிலிருந்து வந்த யாரோ விருந்தாளி தீவுகளின் வளர்ச்சியைப் பார்வையிட அதில் ஏறிப் போய்விட்டாராம். பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், அவிழ்த்தார்கள். சார் அன்றும் கேரியரிடம் "நல்லா இருக்கு" என்றார். என்னை அவர் பார்த்தாரா என்று அக்கா கேட்டாள். "கேரியரை நல்லாப் பாத்துட்டாரு" என்றேன்.

"நாளைக்குத் தீவுக்குப் போறவரைக்கும் திறக்காத. அங்க போயி, தனியா குடு" என்றாள் அக்கா. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே படை நடத்தினாள்.

மூன்றாம் நாள்.

படகு எட்டு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். எட்டரை ஆயிற்று. எட்டே முக்கால். முப்பத்தெட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூட்டைகள் தாமாக அவிழ்ந்தன. நான் தடுக்கப் பார்த்தேன். "வராது டீச்சர், விடுங்க" என்றாள் ஜமீலா, இட்லியை விண்டுகொண்டே. ஒன்பது மணிக்குக் கடைசிப் பிள்ளை கை கழுவியபோது, புகை விட்டுக்கொண்டு படகு வந்து நின்றது.

அக்கா சொல்லைத் தட்டாத என் கேரியர் மட்டும் திறக்கப்படவில்லை. சாரும் அன்று சாப்பிடவில்லை. ஏன் என்று படகில் ஏறியதும் தெரிந்தது. நடுவில் இருந்த கம்பத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிடப் பயணம். கடல் தாம்பாளத் தண்ணீராய்க் கிடந்தது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை, பழகியிருந்தார்கள். அவருக்குப் பதில் நான் எண்ணினேன். முப்பத்தெட்டு.

படகை ஓட்டிய சாரங்கு யூசுப் அந்த ஊரிலேயே பிறந்தவர். தீவு நெருங்கியதும் கூரையில்லாத ஒரு செங்கல் கட்டடத்தைக் காட்டி என்னிடம் இந்தியில் பேசினார். எனக்கு இந்தி அரைகுறை, ஜமீலாதான் சொன்னாள்: "அது ரொட்டி சுடுற இடமாம். அவங்க தாத்தா அங்கதான் வேலை பாத்தாங்களாம். ஊர்ல ரெண்டு பேரை வெட்டுனதுக்கு சர்க்கார் குடுத்த நௌக்ரியாம்."

சாரங்கு பெருமையாகத் தலையாட்டினார். மதராஸில் உத்தியோகம் கிடைத்த பிள்ளையைப் பற்றி எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு போனார்.

தரையில் கால் பட்டதும் வேலாயுதம் சார் வேறு ஆளாகிவிட்டார். ராஸ் தீவில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். மாதா கோயில், கமிஷனர் மாளிகை, துரைமார் நீந்திய குளம், எல்லாவற்றையும் ஆலமரங்கள் வேர்விட்டு இறுக்கிப் பிடித்திருந்தன. வேரை எடுத்தால் சுவர் விழும், சுவரை எடுத்தால் மரம் விழும். சாரிடம் ஒரு மூங்கில் குச்சி இருந்தது. ஒவ்வொரு இடிபாட்டின் முன்னாலும் நின்று, "இங்க யாரு படுத்தா, யாரு விசிறுனா, சொல்லு பாப்போம்" என்று கேட்டார். படுத்தவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. விசிறியவர்களின் பெயர் நிறையப் பேருக்குத் தெரிந்திருந்தது. "எங்க நானா", "எங்க பரதாதா" என்று, அம்மாவைப் பெற்ற தாத்தாவையும் கொள்ளுத் தாத்தாவையும் சொல்லி, நான்கைந்து கைகள் உயர்ந்தன. மெயின்லேண்டில் இருந்து வந்த நான் மதுரை மகாலில் தூணின் உயரத்தைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். தூக்கி நிறுத்தியவன் யார் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நல்ல வாத்தியார் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு வடக்கு ஓரத்தில் நின்றிருந்தோம். புள்ளிமான் ஒன்று ஜமீலாவின் ரிப்பனைத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து.

"ஜஹாஸ்! ஜஹாஸ் வந்திருச்சு!"

முப்பத்தெட்டுப் பேரும் கரைக்கு ஓடினார்கள். மெயின்லேண்ட் கப்பல், சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே, தீவை உரசுவதுபோல் துறைமுகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் குதித்தார்கள். "பியாஜ்! ஆலு!" என்று கத்தினார்கள். மூன்று வாரமாக ஊரில் வெங்காயம் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, கடிதம் இல்லை, பத்திரிகை இல்லை. கப்பலைப் பார்த்து வெங்காயமே என்று கூப்பிட்ட பிள்ளைகளை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு நாள் முன்னால் வந்தால் ஒரு நாள் முன்னால் போகும். சாத்தூர் ஒரு நாள் கிட்டே வந்துவிட்டது.

சார் பக்கம் திரும்பினேன். அவர் பிள்ளைகளை எண்ணவில்லை. கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை பெண்ணை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படி.

கப்பல் மறைந்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. "போச்சு" என்றார். "கப்பல் வந்துட்டா ஊர்ல உள்ள எல்லாப் போட்டும் அங்க போயிரும். சாயங்காலம் வரைக்கும் நம்மள யாரும் நினைக்க மாட்டாங்க."

"பிள்ளைங்களைப் பெத்தவங்க தேட மாட்டாங்களா?"

"அவங்கதாங்க மொதல்ல கப்பலுக்கு ஓடியிருப்பாங்க."

பிள்ளைகளை நிழலில் உட்காரவைத்தோம். நாங்கள் மாதா கோயில் படியில், நடுவில் நான்கு பேர் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தோம். கேரியர் அந்த இடத்தில் இருந்தது. பெண் பார்க்கும் படலம் என்று ஒன்று நடந்தது என்றால் அதுதான்.

"கப்பல்னா உங்களுக்கு அவ்வளவு ஆசையா சார்? இருபது நிமிஷம் போட்டுல வரவே கண்ண மூடிக்கிட்டீங்க."

அவர் குச்சியால் தரையைக் கீறினார். "நாலு வருஷமா லீவுல ஊருக்குப் போகலீங்க. போனா திரும்ப வரணும்ல, அதான். அப்பா இறந்ததுக்குத் தந்தி வந்தப்போ கப்பல் கிளம்பிப் போயி ரெண்டு நாள் ஆயிருந்துச்சு. அடுத்த கப்பல் வர்றதுக்குள்ள பதினாறே முடிஞ்சிருச்சு. அம்மாவுக்கும் அப்படி ஆயிரக்கூடாதுன்னு இருக்கு." பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க ஸ்கூல் மேனேஜர் உங்க பெரியப்பான்னு அத்தான் சொன்னாரு. கல்யாணம் ஆனா அங்க எனக்கும் ஒரு வேலை போட்டுக் குடுப்பாங்களான்னு... மறைக்க வேண்டாம்னு பாத்தேன். ஒரே ஒரு தடவை, திரும்பி வர வேண்டாம்னா, எப்படியாவது கண்ண மூடிக்கிட்டுக் கப்பல்ல படுத்துருவேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் முகம் சுருங்கிப்போயிற்று. பாவம், தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அதனால் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாகிவிட்டது. சாத்தூர், வைகாசி, வேலையை விடச் சொன்னது, எல்லாம். "உங்களக் கட்டிக்கிட்டா இங்கயே இருந்துரலாம், இங்க ஒரு வேலை கேட்டு வாங்கிக்கலாம்னுதான் சார் நான் ரெண்டு நாளா பட்டுச்சேலை கட்டிக்கிட்டு ஜெட்டிக்கு வந்தேன். இன்னையோட மூணு."

அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "அப்ப நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா..."

"யாராவது ஒருத்தர் ஏமாறணும்."

பிறகு அவரும் சிரித்தார். நன்றாகச் சிரிக்கக்கூடிய மனிதர். அது அதுவரை தெரியாது.

தமிழ்நாட்டில் வாத்தியார் வேலை பார்த்த எவருக்கும் ஒரு வார்த்தை தூக்கத்தில்கூட மறக்காது. தென்காசியில் இருக்கும் மதுரைக்காரர், மதுரையில் இருக்கும் தென்காசிக்காரரைத் தேடிப்பிடித்து இடம் மாற்றிக்கொள்வது. அந்த வார்த்தை எப்படி என் வாயில் வந்தது என்று தெரியாது. "சார், மியூச்சுவல்ல போயிருவோமா?"

அவர் சிரிப்பதை நிறுத்தினார். "உங்களுது மேனேஜ்மென்ட் ஸ்கூலு, இது சர்க்காரு. ரூல் இடம் குடுக்காது."

"ரூல எதுக்குக் கேக்கணும்? நீங்க இங்க எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நான் பெரியப்பாவுக்குக் கடுதாசி தர்றேன். என் கிளாஸுக்கு இப்ப ஆளில்ல. உங்க கிளாஸுக்கு நான் இருக்கேன்."

அவர் ஒரு பேனாவை எடுத்து, பெரியப்பாவின் விலாசம் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ஜமீலா வந்து, பிள்ளைகளுக்குப் பசிக்கிறது என்றாள். மணி இரண்டு. காலை ஒன்பது மணிக்கே மதியச் சோற்றைத் தின்றுவிட்ட ஞானிகள்.

கேரியரைத் திறந்தேன். ஆளுக்கு ஓர் எலுமிச்சை அளவு உருண்டை. கையை நனைத்து நனைத்து உருட்டினேன், சார் கொண்டுபோய்க் கொடுத்தார். நாற்பது உருண்டைகள் வந்தன. பிள்ளைகளுக்கு முப்பத்தெட்டு, எங்களுக்கு இரண்டு. அந்த நேரம் பார்த்துத் தென்னந்தோப்புக் காவல்காரர் வந்தார். மங்ரா என்று ராஞ்சிப் பக்கத்து ஆள். சர்க்கார் தேங்காயைத் தொடக்கூடாது, தானாக விழுந்த காயை எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொன்னார். சொல்லிவிட்டு மரத்தில் ஏறி, இருபது காய்களைத் தானாக விழவைத்தார். சார் தன்னுடைய உருண்டையை அவருக்குக் கொடுத்துவிட்டார்.

மிச்சமிருந்த ஒன்றை நான் இரண்டாகப் பிட்டுப் பாதியை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கித் தின்றார். கேரியரையும் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுக்கப் பொய். ஆனால் அதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் நானே அவரைக் கப்பலேற்றி முடித்திருந்தேன்.

ஐந்து மணிக்கு யூசுப் வந்தார். மன்னிப்பெல்லாம் இல்லை. "ஜஹாஸ் வந்தால் நான் என்ன செய்ய?" என்றார். கேள்வி நியாயமானது என்று பிள்ளைகளும் ஒத்துக்கொண்டார்கள். ஜெட்டியில் ஒரு தாயும் தகப்பனும் இல்லை. அத்தான் மட்டும் நின்றிருந்தார், கையில் ஒரு பை வெங்காயம்.

"என்ன கோமதி, பிடிச்சிருந்துச்சா?"

"பிடிச்சிருந்துச்சு அத்தான். அவரு ஊருக்குப் போறாரு, நான் இங்க இருக்கேன்."

பையைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த நான்கு நாட்கள் ஒரே ஓட்டம். தலைமையாசிரியர் முதலில் கோபப்பட்டார். பிறகு யோசித்தார். மெயின்லேண்டிலிருந்து ஒரு டீச்சரை வரவழைக்க ஒரு வருஷம் ஆகும். இங்கே பயிற்சி முடித்த ஒருத்தி எதிரிலேயே நிற்கிறாள், கடல் ஒத்துக்கொள்கிறது, போகமாட்டேன் என்று வேறு சொல்கிறாள். தற்காலிகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தற்காலிகம் பிறகு முப்பத்தொரு வருஷம் நீடித்தது.

"மாமா என்னக் கொன்னே போட்டுருவாரு" என்று அத்தான் புலம்பினார்.

"நாலு நாளு கப்பல்ல வந்துல்ல கொல்லணும்? வரட்டும். பேரனையும் பாத்த மாதிரி இருக்கும்" என்றாள் அக்கா. அவளுக்கு அந்த ஊரில் என்னை விட்டால் யார்.

கப்பல் கிளம்பும் நாளில் ஊரே துறைமுகத்துக்கு வந்துவிடும். வழியனுப்ப ஆள் இல்லாதவர்களும் வருவார்கள். வேலாயுதம் சார் ஒரு தகரப் பெட்டியோடு நின்றார். அப்போதே முகம் வெளுத்திருந்தது. பெரியப்பாவுக்கு ஒரு கடிதம், மதராஸில் என்னை அழைத்துப்போகக் காத்திருக்கும் அப்பாவுக்கு ஒரு கடிதம், இரண்டையும் கொடுத்தேன். சட்டைப் பையில் பேனாக்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்குப் புளியோதரை ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றார். இந்தத் தடவை என்னிடம் சொன்னார்.

நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். இருங்கள் என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பார் என்றுகூடத் தோன்றுகிறது. இருந்துவிட்டு, வாழ்நாள் முழுக்க வடக்கு ஓரத்தில் நின்று கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்பார். "கண்ண மூடிப் படுத்துக்கங்க சார். நாலு நாளுதான்" என்றேன். ஏணியில் ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி ஏறிப் போனார்.

அப்பாவின் பதில் அடுத்த கப்பலில் வந்தது. திட்டு இருக்கும் என்று பயந்து பிரித்தேன். நாலே வரி. "நீ இறங்குவாய் என்று துறைமுகத்தில் நின்றேன். அந்தப் பையன் இறங்கினான். நிற்க முடியவில்லை, கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். தங்கமான பையன், இவனை ஏன் வேண்டாம் என்றாய்?"

பதிலுக்கு, அக்கா பையன் முகம் பார்த்துச் சிரிக்கிறான் என்று எழுதிப் போட்டேன்.

ஆவணியில் வேலாயுதம் சாரின் கல்யாணப் பத்திரிகை வந்தது, முகூர்த்தம் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து. கப்பல் தாமதம்.

மறு வருஷம் தையில் ராஸ் தீவுக்கு நான் கூட்டிப்போனேன். நாற்பத்தொரு பிள்ளைகள். படகு வரத் தாமதமாயிற்று, ஒன்பது மணிக்கெல்லாம் மூட்டைகள் அவிழ்ந்தன. என் மூன்றடுக்குக் கேரியரை மட்டும் நான் திறக்கவில்லை.

"இது யாருக்கு டீச்சர்?" என்றாள் ஜமீலா. ஆறாம் வகுப்புக்குப் போயும் அடம்பிடித்து எங்களோடு வந்திருந்தாள்.

"கப்பல் முன்னாடியே வந்துட்டா வேணும்ல."

அன்று கப்பல் வரவில்லை. யூசுப் சொன்னபடி பன்னிரண்டு மணிக்கே வந்து எங்களைக் கரை சேர்த்துவிட்டார். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் ஜெட்டியில் உட்கார்ந்தேன். படகுக்குக் கட்டிய சோறு வீட்டுக்குத் திரும்பக்கூடாது. மூன்று அடுக்கையும் பிரித்துவைத்துக்கொண்டு நானே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.